எல்லையில் நின்றுபோன அழைப்புகள்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் செல்போன் ஜன்னல் திட்டை விட்டு நகராது. நகர்த்தினால் செத்துவிடும். போகிற இடமெல்லாம் கையோடு கொண்டுபோகலாம் என்று சொல்லித்தான் என் கணவரின் கம்பெனியில் அதைக் கொடுத்தார்கள். கொடுத்த புண்ணியவான்கள் ஒரு தடவையாவது எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஜூஜூவாடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். ஓசூரிலிருந்து பெங்களூர் போகிற வழியில் தமிழ்நாடு முடிகிற இடம். முன்பக்க ரோட்டில் லாரிகள் செக்போஸ்டுக்காக வரிசைகட்டி நிற்கும். பின்பக்கம் ராகிக் கொல்லை. அதைத் தாண்டினால் கர்நாடகம். என் கணவர் தொழிற்சாலைகளில் ஓடும் ஏர் கம்ப்ரெசர்களைப் பழுதுபார்ப்பவர். கம்பெனி பெங்களூரில், வேலை முழுக்க இந்தப் பக்கம், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும். அவர்கள் கொடுத்ததோ கர்நாடகத்து போன், இந்தப் பக்கம் எடுக்காது. எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரிலிருந்து மிச்சம் மீதியாக ஏதோ எங்கள் வீட்டு வடக்கு ஜன்னல் வரை வந்து சேரும். திட்டில் வைத்தால் திரையில் இரண்டு கோடு தெரியும். ஒரு முழம் உள்ளே தள்ளினால் ஒன்று. சமையலறைக்குக் கொண்டுபோனால் அதுவும் இல்லை. அவர் வேலை பார்க்கிற ஊர்களில் அது வெறும் செங்கல்.

லேண்ட்லைனுக்கு எழுதிப்போட்டிருந்தோம். அது வருகிற வழியாக இல்லை. அதனால் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். போனை ஜன்னலிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போவார். வருகிற அழைப்புகளை அவருடைய அப்பா, அதாவது என் மாமனார், எடுத்துப் பேசி மனதில் வைத்துக்கொள்வார். மத்தியானத்தில் இவர் ஏதாவது ஒரு எஸ்டிடி பூத்திலிருந்து வீட்டுக்கு போன் போட்டு, எந்தக் கம்பெனியில் மெஷின் நின்றுபோயிருக்கிறது, யார் கத்துகிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டு அங்கே ஓடுவார். இப்படி ஒரு செல்போனை உலகத்தில் வேறு யாராவது வைத்திருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

மாமாவுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது. இளவயதில் உத்தனப்பள்ளிப் பக்கம் கூலிக்கு ஏர் ஓட்டியவர். ஓசூரில் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலத்தில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கிற ஷாப்பில் சேர்ந்து அங்கேயே ரிட்டையர் ஆனவர். சும்மா உட்காருவது அவருக்கு ஆகாது. ஒருநாள் பஸ்ஸில் மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பு நடுநடுவே நின்றுபோகிறது என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்து, இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். தோலுக்கடியில் ஒரு தீப்பெட்டி மாதிரி மேடாகத் தெரியும். அதிலிருந்து ஒரு கம்பி ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறதாம். துடிப்பு நின்றால் அது தட்டிக்கொடுக்குமாம். வீட்டில் அதை மெஷின் என்றுதான் சொல்வோம்.

மெஷின் வந்த கையோடு ஆயிரத்தெட்டுக் கட்டுப்பாடுகளும் வந்தன. பாரம் தூக்கக்கூடாது, கையை ஓங்கக்கூடாது, தனியாக வெளியே போகக்கூடாது. அத்தை காலமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. நானும் வேலைக்குப் போகிறவள். மின்சாரச் சாமான் செய்யும் கம்பெனி ஒன்றில் காலை ஷிப்ட். நாங்கள் இருவரும் கிளம்பிப் போய்விட்டால் அவருக்குத் துணை ரேடியோதான். போன் வந்த பிறகுதான் மனுஷன் முகம் தெளிந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வெளுத்து வாங்குவார். பெங்களூர் ஆபீஸில் டெலிபோன் போர்டு பார்க்கும் பெண் காலையில் கூப்பிடுவாள். "தாத்தா, சென்னாகித்தீரா?" என்று நலம் கேட்பாள். "சென்னாகித்தீனம்மா, திண்டி ஆயித்தா?" என்று இவர் ஆரம்பித்தால், சாப்பாட்டு விசாரணையெல்லாம் முடிந்து கம்ப்ரெசருக்கு வருவதற்குள் அந்தப் பெண்ணின் முதலாளி வந்துவிடுவார்.

போன் அடிப்பதற்குச் சற்று முன்னால் ரேடியோ கரகரக்கும். பாட்டுக்கு நடுவே டிக்டிக்கென்று அவசரமாக ஏதோ தட்டும். அப்புறம்தான் மணி அடிக்கும். அந்தக் காலத்தில் செல்போன் வைத்திருந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் மாமா தூங்குகிற நேரத்தில் தனியாக அதைக் கேட்டால் எனக்கு முதுகு சில்லிடும். வரப்போவது ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து நிற்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று தோன்றும்.

ஒருநாள் ரேடியோ ஓடவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மாமா தன் பழைய ஷாப்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தினார். வலது கை மெல்ல எழும்பி மெஷின் மேல் போய்ப் படிந்தது.

"போன் வருதும்மா" என்றார்.

ஜன்னலைப் பார்த்தேன். போன் சும்மா கிடந்தது. தேங்காய் மூடியைத் திருப்பிப் பிடிப்பதற்குள் மணி அடித்தது.

"எப்படி மாமா தெரிஞ்சுது?"

"இங்க ஒரு துள்ளு துள்ளுச்சு. தண்ணியில மீனு வாலடிக்கிற மாதிரி."

என்னமோ பெரிய வித்தை கற்றுக்கொண்டவர் போல அவருக்கு ஒரே பெருமை. அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டார். எங்கள் வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர் கை நெஞ்சுக்குப் போனதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். போன் அடித்தால் கைதட்டல். என் கணவரும் சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது என்று எனக்கு மட்டும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் கம்பெனி கேன்டீனில் இதைச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். செல்போனிலிருந்து அலை கிளம்புகிறது, அது மூளையை வேகவைத்துவிடும் என்றாள் ஒருத்தி. பெங்களூரில் யாருக்கோ ஒரு பக்கக் காதே போய்விட்டது என்றாள் இன்னொருத்தி. மூன்றாவதாக ஒருத்தி, அதிகம் பேசாதவள், சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "நெஞ்சுல மெஷின் வெச்சவங்க பக்கத்துல அதெ வெக்கலாமாக்கா? மெஷின் நின்னுபோயிடாது?" நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன். வேலையில் உட்கார்ந்தால் அதே நினைப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பெங்களூரிலிருந்து கிளம்பி, ராகிக் கொல்லைக்கு மேலே வந்து, எங்கள் ஜன்னலில் நுழைந்து, முதலில் மாமாவின் நெஞ்சைத் தொட்டுவிட்டு அப்புறம் போனுக்குப் போகிறது.

வீட்டில் ரகளை செய்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். கொடுத்தால் வேலையையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார் கணவர். மாமா என் பக்கம் நிற்பார் என்று பார்த்தால் அவர்தான் முதல் எதிர்க்கட்சி. "எனக்கு ஒண்ணும் ஆவலம்மா. அதெயும் எடுத்துட்டா நான் செவுத்தப் பாத்துக்கினு உக்கார வேண்டியதுதான்" என்றார். கடைசியில் அவர் கட்டிலையும் நாற்காலியையும் ஜன்னலிலிருந்து எடுத்து எதிர்ச் சுவரோரம் போட்டோம். மணி அடித்தால் மட்டும் எழுந்துபோய்ப் பேச வேண்டும், பேசியதும் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் எதிர்ச் சுவரோரத்திலும் அவருக்குத் தெரிந்தது. கை எழும்பும், மெஷின் மேல் படியும், மணி அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்குப் பக்கம் துவைக்கிற கல்லருகே நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். மாமா வெயிலுக்காக வந்து நின்றிருந்தார். ஜன்னல் வீட்டின் மறுபக்கம். நடுவில் இரண்டு சுவர். திடீரென்று அவர் கை நெஞ்சுக்குப் போனது. என்னைப் பார்த்தார். உள்ளே போன் அடிக்க ஆரம்பித்தது. பிழிந்த துணியை மறுபடியும் தண்ணீரிலேயே போட்டேன்.

இதற்குப் பிறகு வேறொன்று தொடங்கியது. கை நெஞ்சுக்குப் போகும், போன் அடிக்காது. முன்பும் அப்படி எப்போதாவது நடந்ததுண்டு, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அது அடிக்கடி நடந்தது. அதற்கும் மாமா ஒரு காரணம் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் யாரோ நம்பரைப் போடுகிறார்கள். அழைப்பு கிளம்பி வருகிறது. எல்லை வரைக்கும் வந்து, இதற்கு மேல் டவர் பத்தாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. போனுக்கு எட்டாதது அவர் நெஞ்சுக்கு மட்டும் எட்டுகிறது.

"எவனோ எல்லையில நின்னுட்டாம்மா" என்பார்.

எல்லையை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இது நம்பக்கூடிய விளக்கம். லாரிகள் நிற்கின்றன, சரக்கு நிற்கிறது, பேப்பர் சரியில்லாத மனிதர்கள் நிற்கிறார்கள். அழைப்பும் நின்றால் என்ன? என் கணவர் நம்பினார். நானும் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, பயந்தேன். ராகிக் கொல்லைக்கு அந்தப் பக்கம், வந்து சேராத அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடி நிற்பதாக எனக்குத் தோன்றியது. யார் அவர்கள், இவரிடம் என்ன சொல்ல இத்தனை அவசரம் என்று யோசித்தால் அந்த ஜன்னல் பக்கமே போகப் பிடிக்காது. மாமாவோ சில சமயம் நெஞ்சில் கை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். முகம் சற்று வெளுத்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "போயிட்டான்" என்பார்.

ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் சத்தியத்தை மீறி நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். இன்னொரு கை மெஷின் மேல் இருந்தது.

"வருது" என்றார்.

நான் போனைப் பார்த்தேன். அது அடிக்கவில்லை. அவர் சொன்னால் வரும் என்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரேடியோவில் யாரோ உழவர்களுக்கு உரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு கரகரப்பு இல்லை. திரும்பிப் பார்த்தேன். மாமாவின் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்திருந்தது. உதடு நீலம் பாரித்து, நெற்றியெல்லாம் வேர்வை. கண் பாதி திறந்திருந்தது.

வாசலுக்கு ஓடிக் கத்தினேன். பக்கத்து வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். லாரிகள் உறுமுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆட்டோ வேண்டுமானால் செக்போஸ்ட் வரை ஓட வேண்டும். அவரைத் தனியே விட்டுவிட்டு எப்படி ஓடுவது? உள்ளே வந்து போனை எடுத்தேன். கணவர் எந்தக் கம்பெனியில் இருக்கிறாரோ தெரியாது. தெரிந்த ஒரே நம்பர் பெங்களூர் ஆபீஸ்.

நம்பரைப் போட்டவுடன் அவரை விட்டு விலகி எதிர்ச் சுவருக்கு ஓடினேன். அவர் பக்கத்தில் நின்று பேசினால் இருக்கிற துடிப்பையும் அது நிறுத்திவிடும் என்று அப்படி ஒரு பயம். "ஹலோ" என்று அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. நான் வாயெடுப்பதற்குள் லைன் அறுந்தது. கோடே இல்லை. ஜன்னலை நோக்கி வந்தேன். கோடு வந்தது. மறுபடி போட்டேன். மணி போனது. மாமாவின் தலைக்கு மேலே என் கை இருப்பதைப் பார்த்ததும் தன்னால் கால் பின்னுக்குப் போனது. மறுபடி அறுந்தது. கிட்டே போனால் அவரைக் கொல்கிறேன், எட்டப் போனால் சாகவிடுகிறேன். வாய்விட்டு அழுதுகொண்டே ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் அலைந்தேன்.

என் புடவையை ஏதோ பிடித்து இழுத்தது. மாமாவின் கை. இரும்படித்த கை, அந்த நிலையிலும் பிடி இருந்தது. என்னை நாற்காலியை ஒட்டி இழுத்து நிறுத்தினார்.

"இங்கயே நின்னு பேசும்மா" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. "எனக்கு ஒண்ணும் ஆவாது. பேசு."

நின்று பேசினேன். அவர் தலை என் இடுப்பில் சாய்ந்திருந்தது. போனுக்கும் மெஷினுக்கும் நடுவில் என் உடம்பை வைத்துக்கொண்டால் அந்த அலை முதலில் என்மேல் படும் என்று திரும்பி நின்றுகொண்டேன். என் பாதிக் கன்னடம் அந்தப் பெண்ணுக்குப் போதுமானதாக இருந்தது. "தாத்தாவா? தாத்தாவா?" என்று அலறினாள். அத்திப்பள்ளியில் அவர்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனியின் வேன் எல்லையைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. அதுவரை லைனை வைக்காமல் அவள் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தைகூட நினைவில்லை.

அன்றே பெங்களூரில் மாமாவைத் திரும்பவும் அறுத்தார்கள். மறுநாள் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். மெஷினிலிருந்து இதயத்துக்குப் போகிற கம்பியின் நுனி, பிடிப்பு விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. சில சமயம் தசையைத் தட்டியிருக்கிறது, அதுதான் துள்ளல். சில சமயம் எங்கேயும் தட்டாமல் போயிருக்கிறது. அப்போது துடிப்பு நின்று நின்று வந்திருக்கிறது. போனைப் பற்றிக் கேட்டேன். மெஷினை ஒட்டினாற்போல் வைக்க வேண்டாம், ஒரு சாண் தள்ளியிருந்தால் போதும் என்றார். அந்த அலைகள் வேறு என்னென்ன செய்யும் என்று கேட்டதற்கு, புதிதாக வந்த சாமான், இன்னும் முழுசாக யாருக்கும் தெரியாது என்று கையை விரித்தார். ஆனால் இந்தக் கம்பி போனால் நகரவில்லை என்று அடித்துச் சொன்னார். மணி அடிப்பதற்கு முன்னாலேயே இவருக்குத் தெரிந்ததே, அது எப்படி என்றேன். அடித்த தடவைகளை மட்டும் ஞாபகம் வைத்திருப்பீர்கள் அம்மா என்றார். துவைக்கிற கல்லருகே நின்று மாமா என்னைப் பார்த்த பார்வைதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எல்லையில் நின்றுபோனதாக நாங்கள் நினைத்த அழைப்புகள் என்னவென்று அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் அந்த மனுஷனின் உயிர் போய்ப் போய்த் திரும்பியிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மாமா உடம்பு தேறி வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில், டாக்டர் சொன்ன சாண் கணக்கை விடத் தாராளமாகத் தள்ளிப் போடச் சொன்னார். காலை நேரம், நான் லீவு. காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் கை டம்ளரில்தான் இருந்தது, நெஞ்சுக்குப் போகவில்லை. போன் அடித்தது.

மாமா தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். காபி வேட்டியெல்லாம் சிந்தியது. போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெஷினைத் தொட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியவே இல்லியேம்மா" என்றார். பறிகொடுத்தவர் முகம் அது. பாவமாக இருந்தது. ஆனாலும் அன்று வந்ததைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"எனக்கும் தெரியலீங்க மாமா" என்றேன். அவரைப் பிடித்து உட்காரவைத்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெங்களூர்ப் பெண்ணாகத்தான் இருக்கும். கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று அவர் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அதன் நாடி விடாமல் அடிப்பதைத் தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.